வாடகை ஏறாத வீடு

கொப்பரைக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

மீதி உடம்பு உள்ளே...

தலைகீழாக!

அடுப்புக்குத் தணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அங்கம்மாள் அதைப் பார்த்தாள். அவள் போட்ட அலறலில், நாமக்கல் பஸ்ஸுக்காக முச்சந்தியில் நின்றிருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

ராசிபுரத்துக்குத் தெற்கே பஸ் நின்று போகிற ஊர், ஆலங்காட்டூர். அங்கே நெசவாளர் தெரு. 1938, ஆடி மாதம். பொழுது நன்றாக விடிந்திருந்தது.

வீடு, நெசவாளி சென்னிமலையுடையது. முன்னறையில் குழித்தறி. பின்கட்டில் நூலுக்குச் சாயம் காய்ச்சும் கொப்பரை. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒற்றை அறையில் அவனும் அவன் மனைவி சௌந்திரமும் குடியிருந்தார்கள்.

சௌந்திரம் தங்கையின் பிரசவத்துக்காக ராசிபுரம் போயிருந்தாள்.

சென்னிமலையைக் காணோம்.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். திருச்செங்கோட்டுக்காரர். சந்தேகப்படுவது அவருக்குச் சம்பளம் இல்லாத இன்னொரு உத்தியோகம். பால்காரன் சிரித்தால், முதலில் பாலைத்தான் பார்ப்பார்.

உடம்பை வெளியே எடுத்துக் கிடத்தினார்கள். பின்மண்டையில் பலமான அடி. முகம் என்று ஒன்று இல்லை. கொதித்த சாயத்தில் வெந்து, வீங்கி, கருநீலமாக...

ஆனால், கோட்டு இருந்தது. பித்தளைப் பொத்தான் வைத்த மூடுகழுத்துக் கோட்டு. அந்த ஊரில் அப்படிப்பட்ட கோட்டு ஒருவரிடம்தான் உண்டு. வலது கையில் சிவப்புக்கல் மோதிரம்.

ஏட்டு மயில்சாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எசமான்... இது நம்ம போர்டு மெம்பர் காளியப்பனுங்க."

ஆள் விட்டு அவர் மனைவி பெரியநாயகியை அழைத்து வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மோதிரத்தைப் பார்த்தாள். இது அவருடையதுதான் என்று சொன்னாள். சொல்லிவிட்டு மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள்.

மோதிரம் சுண்டு விரலில், பாதியில் சிக்கி நின்றது. தங்கசாமி அதைக் கவனித்தார். வெந்நீரில் விரல் வீங்கியிருக்கும் என்று தமக்குத்தாமே ஒரு பதில் சொல்லிக்கொண்டார்.

அந்த நேரத்துக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

*

கொலைக்குக் காரணம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஊருக்கே தெரியும்.

காளியப்பன் பஞ்சாயத்து போர்டில் ஒரு புதுச் சட்டம் கொண்டு வந்திருந்தார். குடியிருக்கிற தெருவில் தறி கூடாது, சாயக் கொப்பரை கூடாது, கடை கூடாது, கிடங்கு கூடாது. குடியிருப்புக்குத் தனி இடம். தொழிலுக்கு, ஊருக்கு வெளியே பொட்டக்காட்டில் தனி இடம். சாயத் தண்ணீர் வாய்க்காலில் கலக்கிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று அவர் பேசியபோது, கேட்டவர்கள் சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

நெசவாளிகளுக்குத் தலை சுற்றியது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். தறி போட்ட வீட்டிலேயே படுத்து எழுந்ததால் ஒரு வாடகையில் காலம் ஓடியது. இனி படுக்க ஒரு வாடகை, நெய்ய ஒரு வாடகை. பகலெல்லாம் பொட்டக்காட்டில் புருஷன் தறியில் உட்கார்ந்தால், பாவு போடவும் நூல் சுற்றவும் வீட்டுப் பெண்கள் எப்படிக் கை கொடுப்பது?

போர்டுக் கூட்டத்தில் சென்னிமலை எழுந்து நின்று, எல்லோர் காதும் கேட்கச் சொன்னான்:

"தறியத் தூக்க எவன் என்ற ஊட்டுப்படி மிதிச்சாலும் சரி, அவனைச் சாயக் கொப்பரையில முக்கி எடுத்துப்போடுவேன்."

சொன்ன வாரத்திலேயே கொப்பரையில் பிணம். சொன்னவன் மாயம். சந்தேகத்துக்கு எங்கே இடம்?

சாயங்காலமே சிதை எரிந்தது. சென்னிமலையைப் பிடித்துக் கொடுத்தால் சன்மானம் என்று தண்டோரா போட்டார்கள்.

அதுவரை போர்டில் சட்டத்துக்கு ஆதரவும் எதிர்ப்பும் சரிக்குச் சரியாக நின்றிருந்தன. கொலைக்குப் பிறகு எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. உயிரைக் கொடுத்த மனிதருக்குச் செய்கிற மரியாதை என்று சொல்லி, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள்.

*

சௌந்திரம் ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, அவளோடு பேச ஆள் இல்லை. கொலைகாரன் பெண்டாட்டி என்று பெயர் வந்துவிட்டது. யாரோ கல்லெறிந்து கூரை ஓடுகளை உடைத்தார்கள்.

தங்கசாமி அவளைத் தினமும் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார். புருஷன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று மிரட்டிக் கேட்டார். நயமாகவும் கேட்டார். என்னிடம் சொல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார் என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு பதில் வரவில்லை. அங்க அடையாளம் கேட்டால் வாயை இறுக மூடிக்கொண்டாள். அடையாளம் சொல்வது கயிற்றை எடுத்துக் கொடுப்பது மாதிரி என்று அவளுக்குப் பட்டது.

மெட்ராஸ் வரைக்கும் தகவல் போனது. சென்னிமலை அகப்படவில்லை.

அவனைத் தேடுவதிலும் ஒரு சங்கடம். ஊரில் காணாமல் போனவன் அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. குமாரபாளையத்துக்கு, ஈரோட்டுக்கு என்று நெசவுக் குடும்பங்கள் தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தன. யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

போனவர்கள் வீட்டுக்கு வாடகை இறங்கும் என்று பார்த்தால், அதுவும் இல்லை. சத்தமில்லாத, சாய நாற்றமில்லாத தெருவாகப் போகிறது. இனி ராசிபுரத்து வக்கீல்களும் வியாபாரிகளும் குடிவருவார்கள் என்று வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். மீதி இருந்தவர்களுக்கு வாடகையை ஏற்றினார்கள். மற்றத் தெருக்களுக்கும் அந்தக் காய்ச்சல் பரவியது.

தம் வாடகையும் ஏறிவிடுமோ என்று தங்கசாமிக்கும் உள்ளூர பயம்தான். மனைவியைத் திருச்செங்கோட்டிலிருந்து கூட்டி வர வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அவர் குடியிருந்தது, செத்துப்போன காளியப்பனின் வீட்டில். முன்பகுதியில் அவர் குடித்தனம். சமையலறைச் சுவருக்குப் பின்னால் காளியப்பனின் நூல் கிடங்கு. அதற்கு வாசல், பக்கத்துச் சந்தில். அடுத்த வீட்டில் பெரியநாயகி.

ஒருநாள் அவரே போய், தயங்கித் தயங்கி வாடகையைப் பற்றிக் கேட்டார்.

"உங்ககிட்டப் போயி ஏத்துவனுங்களா," என்றாள் பெரியநாயகி. "நீங்க பக்கத்துல இருக்கறதே எனக்குப் பெரிய தைரியமுங்க."

தாலி இழந்தவள். துக்கத்திலும் எவ்வளவு பெரிய மனசு!

காலையும் மாலையும் அவள் கிடங்குக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். புருஷன் உட்கார்ந்து கணக்குப் பார்த்த இடம், விளக்கு வைத்துப் படையல் போடுகிறேன் என்பாள். போகும்போது படையல் சோறு வைத்த தூக்குப் போசி கனமாக இருக்கும். திரும்பும்போது லேசாக இருக்கும்.

சில சமயம் கிடங்குக்குள் ஏதோ உருண்டது. தங்கசாமி எலி என்று நினைத்தார்.

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், எலியைச் சந்தேகப்படவில்லை.

*

ஆவணி பிறந்தது. சௌந்திரம் வீட்டுத் தறியை எடுத்துப்போட போர்டு ஆட்கள் கிளம்பினார்கள். பந்தோபஸ்துக்குத் தங்கசாமியும் போனார்.

அவள் தறிக்குழிக்குள் இறங்கி நின்றிருந்தாள். அழவில்லை. கெஞ்சவும் இல்லை. போர்டு ஆட்களை விட்டுவிட்டு நேராகத் தங்கசாமியைப் பார்த்தாள்.

"சாமி... நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, அடையாளம். சொல்றனுங்க. எழுதிக்கோங்க."

அவர் ஆச்சரியத்தோடு பென்சிலை எடுத்தார்.

"இத்தனை நாளாச் சொல்லலியே அம்மிணி. இப்ப என்னத்துக்கு?"

"தறி இருந்தா வந்துருவாங்கன்னு நெனச்சனுங்க. தறியும் போவுது. இனி எதைத் தேடிட்டு வருவாங்க? நீங்களாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க. தூக்குல போட்டாலும் ஒருக்கா மூஞ்சியப் பாத்துருவேன்."

உயரம் சொன்னாள். நிறம் சொன்னாள். அப்புறம் தன் வலது கையை நீட்டி மோதிர விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்த வெரலு அவுங்களுக்கு நீட்ட வராதுங்க. சின்ன வயசுல தறிக்கட்டை உழுந்து நொறுங்கிப்போச்சு. மடங்கியேதான் இருக்கும். கண்ணாலத்துக்கு எங்கப்பன் போட்ட மோதரங்கூட அதுல ஏறாம, சுண்டு வெரல்லதானுங்க மாட்டுனாங்க. அதும் பாதிதான் போச்சு."

பென்சில் நின்றுவிட்டது.

தங்கசாமியின் கண்முன்னால் ஒரு கை வந்து நின்றது. கருநீலமாக. சுண்டு விரலில் பாதியில் சிக்கிய சிவப்புக்கல் மோதிரம். அதற்குப் பக்கத்தில், உள்ளங்கையை நோக்கி மடங்கியிருந்த ஒரு விரல்...

அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்ததே அவர்தான்.

அவளிடம் எப்படிச் சொல்வது? போர்டு ஆட்களிடம், தறியை இன்றைக்குத் தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். சைக்கிளை மறந்து, நடந்தே ஸ்டேஷனுக்குப் போனார்.

*

"ஏட்டு, இந்தக் கொலையால ஆருக்கு லாபம்?"

மயில்சாமி இதென்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார்.

"சென்னிமலைக்கா?" என்று தங்கசாமியே ஆரம்பித்தார்.

"அவனுக்கென்னங்க லாபம். ஊடும் போச்சு, தறியும் போச்சு."

"மத்த நெசவுக்காரங்களுக்கு?"

"பாதித் தெரு காலிங்க எசமான்."

"கொலை நடக்காம இருந்திருந்தா சட்டம் செயிச்சிருக்குமா?"

"எங்கீங்க. இழுத்துக்கிட்டுத்தான் கெடந்திருக்கும். அவரு செத்தாரு, சட்டம் பொழச்சுது."

"தறியெல்லாம் போகச் சொல்லியிருக்கற அந்தப் பொட்டக்காடு ஆருது?"

"அதானுங்க வெசாரிச்சேன். ரெண்டு வருசத்துக்கு முந்தியே பெரியநாயகி பேருக்குக் கெரயம் ஆயிருக்குது. கொள்ளு வெதைக்கக்கூட லாயக்கில்லாத காடு. இன்னைக்குத் தறிக் கொட்டகை போட எடங்கேட்டு வரிசையில நிக்கறாங்க."

"அப்ப லாபம் ஆருக்கு?"

மயில்சாமி யோசித்தார்.

"செத்தவருக்குத்தானுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தங்கசாமி சிரிக்கவில்லை. சௌந்திரம் சொன்ன விரலைப் பற்றிச் சொன்னார். காளியப்பன் இதே மேஜையில் உட்கார்ந்து, மோதிர விரலில் கிடந்த அந்தக் கல்லால் டொக் டொக்கென்று தட்டிப் பேசியதை நினைவுபடுத்தினார். இருவரும் ஒரே உயரம், ஒரே வாகு. ஒருத்தருக்குக் கோட்டு, இன்னொருத்தனுக்குத் துண்டு. ஊர் அதைத்தானே பார்க்கிறது?

மயில்சாமியின் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்படியென்றால் அந்த ஆள் இந்நேரம் கொழும்புக்கே போயிருப்பாரே என்றார்.

"காட்டை முழுசா வித்து முடிக்காம எங்கியும் போகமாட்டான். கிட்டத்துலதான் இருக்கான்... ஏட்டு, ஊர் முழுக்க வாடகை ஏறுது. என்ற வாடகை மட்டும் ஏன் ஏறலை?"

"எசமான் போலீசுங்கறதாலங்க."

"அதேதான்," என்றார் தங்கசாமி. "போலீசுங்கறதாலதான்."

*

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சந்தில் போர்டு ஆட்கள், ஏட்டு, இரண்டு கான்ஸ்டபிள்கள். கிடங்குக் கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார்கள்.

கொஞ்சம் தாமதமாகத்தான் திறந்தது. பெரியநாயகி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, சாமி கும்புடற நேரத்துல..."

"கும்புடுங்கம்மா. சரக்கை மட்டும் வெளிய எடுத்துப்போட்டுட்டுப் போயிருவாங்க." தங்கசாமி பணிவாகப் பேசினார். "குடியிருக்கற ஊட்டோட கிடங்கு இருக்கக்கூடாதுங்களே. உங்க ஊட்டுக்காரர் உசிரைக் குடுத்துக் கொண்டாந்த சட்டம். அதை நாமளே மீறலாமுங்களா?"

"இது அவுரு இருந்த எடமுங்க. ஆரு புகார் குடுத்தாங்க?"

"நான்தானுங்க. குடித்தனக்காரன்."

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் விலகி நின்றாள். உள்ளே விளக்கு எரிந்தது. படத்துக்கு மாலை. சுவர் ஓரமாக, கூரையைத் தொடுகிற உயரத்துக்கு நூல் மூட்டைகள். மனிதன் இருக்கிற சுவடே இல்லை.

தங்கசாமி மூட்டைகளை மேலும் கீழும் பார்த்தார். இல்லையென்றால்? செத்தவர் வீட்டுப் படையலைக் கலைத்த போலீஸ்காரன் என்று நாளைக்கே மேலிடத்துக்கு மனு போகும். வேலை போனாலும் போகும்.

"ஒவ்வொரு மூட்டையா எடுங்க," என்றார்.

எடுத்தார்கள். சந்தில் கூட்டம் கூடியது. முதல் வரிசை போனது. இரண்டாவது போனது. பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் ஒரு மூட்டையை அசைத்தபோது பஞ்சுத் தூசி குப்பென்று கிளம்பியது.

மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

எலி தும்முமா?

மயில்சாமி கையை விட்டு இழுத்தார். தாடியும் மீசையுமாக, வாயோரத்தில் சோற்றுப் பருக்கையோடு, ஒரு மனிதர் வெளிச்சத்தில் வந்து விழுந்தார்.

போர்டு மெம்பர் காளியப்பன்!

சந்தில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் பேய் என்று நினைத்து ஓடியே போனார்கள். பெரியநாயகி இந்தத் தடவை மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்துவிட்டாள்.

*

ஸ்டேஷனில் காளியப்பன் அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை.

அன்று விடியற்காலையில் சமாதானம் பேசுவது போலத்தான் சென்னிமலை வீட்டுக்குப் போயிருந்தார். கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தவன் அவர் பக்கம் திரும்பவே மறுத்தான். பக்கத்தில் சாத்தியிருந்த இன்னொரு கட்டையால் பின்மண்டையில் அடித்தார். தம் கோட்டையும் வேட்டியையும் மாட்டிவிட்டார். மோதிரம்தான் படுத்தியது. மடங்கிய விரலில் ஏறவில்லை, நேரமும் இல்லை, சுண்டு விரலில் திணித்தார். கூட்டத்தில் சென்னிமலை விட்ட மிரட்டல், மீதி வேலையைச் செய்து கொடுத்தது. ஒரே பிணத்தில் சட்டமும் ஜெயித்தது, எதிர்த்து நின்றவனும் ஒழிந்தான். காடு விற்றதும் கணவனும் மனைவியும் மைசூர் பக்கம் போய்விடுவதாக ஏற்பாடு.

தங்கசாமி சௌந்திரத்தின் வீட்டுக்குத் தனியாகப் போனார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த ஒரு தெருவை நடந்து கடந்ததுதான் அவருக்கு மிகவும் தொலைவாக இருந்தது.

சொல்லி முடித்தார். அவள் தறியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சாம்பலை எங்கீங்க கரைச்சாங்க?"

"மோகனூர்ல. காவேரியில."

"ஆரு பேரைச் சொல்லிக் கரைச்சாங்க?"

தங்கசாமி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொன்றவன் பெயரைச் சொல்லித்தான் கரைத்தார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவளுக்கும் அது சொல்லாமலே புரிந்தது. அப்போதுதான், அந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக, சௌந்திரம் வாய்விட்டு அழுதாள்.

அடுத்த வாரம் அங்கம்மாள் துணைக்குப் போக, அவள் மோகனூர் போய், அவன் பெயரைச் சொல்லி, தானே தண்ணீர் விட்டுவிட்டு வந்தாள்.

போர்டு கூடி சட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நெசவாளர் தெருவில் மறுபடியும் தறிச் சத்தம் கேட்டது. ஆனால், பழையபடி இல்லை. போன குடும்பங்களில் பல திரும்பவே இல்லை. ஏறிய வாடகையை இறக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வரவில்லை. தங்கசாமி காளியப்பனின் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு மடங்கு வாடகையில் ஓர் ஒண்டுக் குடித்தனம் பிடித்தார். கழுத்தை நெரிக்கிற வாடகைதான். சுவருக்கு அந்தப் பக்கம் உருண்டது நிஜமாகவே எலி என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சேலத்தில் வழக்கு நடந்தது. பெரியநாயகிக்குச் சில வருஷம். காளியப்பனின் வக்கீல் பேசிய பேச்சில் தூக்கு தப்பி, ஆயுள் தண்டனை ஆனது. தீர்ப்பன்று கோர்ட்டிலிருந்து ஜெயிலுக்குக் கொண்டுபோனவர் ஏட்டு மயில்சாமி.

ஜெயில் கதவு கண்ணில் பட்டதும் காளியப்பன் நின்றார். உள்ளே என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேட்டார்.

"தறி நெய்யோணுமுங்க," என்றார் மயில்சாமி.

"தங்கற எடம்?"

"அங்கியேதானுங்க. நெய்யறது, திங்கறது, தூங்கறது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. உங்க சட்டம் அங்க செல்லாதுங்க..."

மயில்சாமி விலங்கைக் கழற்றிக்கொண்டே, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"ஆனா ஒண்ணுங்க மெம்பரே, ஆயுசு முழுக்க வாடகை ஏத்த மாட்டாங்க!"